படுத்த படுக்கையான பெரியவருக்குச் சிகிச்சையும் பராமரிப்பும்: வடசென்னைக் குடும்பங்களுக்கான முழுமையான சட்ட வழிகாட்டி

தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ ஒரு பெரியவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் குடும்பம் முதலில் தேடுவது பணம். அடுத்துத் தேடுவது பார்த்துக்கொள்ள ஓர் ஆள். சட்டத்தின் நினைவு யாருக்கும் வருவதில்லை. வருகிறவர்களும் "பிள்ளைகள் சோறு போடாவிட்டால் கலெக்டரிடம் மனு கொடுக்கலாம்" என்ற அளவில்தான் அதை அறிந்துவைத்திருக்கிறார்கள்.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் அதைவிட விரிவானது. உணவு, உடை, உறைவிடம் ஆகியவற்றோடு மருத்துவக் கவனிப்பும் சிகிச்சையும் பராமரிப்பில் அடங்கும் என்று அதன் 2-ஆவது பிரிவே சொல்கிறது. படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப் போடும் துணி, டயபர், தூக்கி உட்காரவைக்கும் ஆளின் கூலி எல்லாவற்றையும் இந்த வரையறையை வைத்துக் கேட்கலாம். ஆனால் கேட்கிறவர் கணக்கோடு கேட்க வேண்டும். ஏழைப் பெரியவர்களின் வழக்குகளில் பெரும்பாலானவை தோற்பது சட்டம் இல்லாததால் அல்ல. பராமரிப்புக்கு மாதம் எவ்வளவு ஆகிறது என்று யாரும் எழுதிக் கொடுக்காததால்.

பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்காரர்கள், மகளிர் குழுப் பெண்கள், தொழிற்சங்கத்துக்காரர்கள், சட்ட உதவித் தன்னார்வலர்கள் என்று பெரியவருக்காக அலைய முன்வரும் எவருக்கும் இது பயன்படும். வழக்கறிஞர் இல்லாமலேயே இதில் பாதிக்கு மேல் செய்துவிடலாம்.

படி 1: முதலில் மருத்துவமனை, பிறகு மனு

உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் 108. அவசரச் சிகிச்சை தராமல் நோயாளியை அரசு மருத்துவமனை திருப்பி அனுப்புவது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவை மீறுவது என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே ஒரு மேற்கு வங்க வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. படுக்கை காலியில்லை என்பது அதற்குச் சமாதானம் ஆகாது.

வடசென்னைக்குப் பெரிய துணை ஸ்டான்லி அரசு மருத்துவமனை. சென்ட்ரல் எதிரிலுள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில், ஜி.எச். என்று நாம் சொல்லும் இடத்தில், முதியோர் மருத்துவத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது. மருத்துவர் வி.எஸ். நடராசனின் முயற்சியில் 1978-இல் அங்கே தொடங்கிய முதியோர் புறநோயாளிப் பிரிவுதான் நாட்டில் இந்தத் துறைக்கே வழிபோட்டது. நினைவு தடுமாற்றம், அடிக்கடி விழுதல், ஏழெட்டு மாத்திரைகளை ஒன்றாக விழுங்குதல் போன்ற சிக்கல்களுக்கு அந்தத் துறைக்குப் போவதே மேல். கிண்டியில் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனையும் இருக்கிறது. திருவொற்றியூரிலிருந்து தூரம்தான், ஆனாலும் முழுப் பரிசோதனைக்கு ஒருமுறை போய்வருவது வீண்போகாது.

தனியாக வரும் பெரியவரைச் சேர்க்கும்போது சில இடங்களில் "கூட ஆள் இருக்கிறதா?" என்று கேட்டுத் தயங்குவார்கள். உதவிக்கு ஆள் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் ஆள் இல்லாதது சேர்க்க மறுப்பதற்குக் காரணம் ஆகாது. அந்த நேரத்தில் வார்டு வாசலில் வாதாடிப் பயனில்லை. ஆர்.எம்.ஓ. என்று சொல்லப்படும் நிலைய மருத்துவ அலுவலரைப் பாருங்கள். நான்கு வரியில் எழுதிக் கொடுங்கள்: பெரியவரின் பெயர், வயது, புறநோயாளிச் சீட்டு எண், மூத்த குடிமக்கள் சட்டத்தின் 20-ஆவது பிரிவின்படி அரசு மருத்துவமனையில் இயன்றவரை படுக்கை தரப்பட வேண்டும் என்ற கோரிக்கை. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். மூத்த குடிமக்களுக்குத் தனி வரிசை வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது.

அடிபட்டு வந்திருந்தால், அதுவும் வீட்டிலுள்ளவர் கையால் அடிபட்டிருந்தால், மருத்துவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். குடும்ப மானம் போய்விடும் என்று "படியில் விழுந்துவிட்டேன்" என்று சொல்லிவிடுகிறார்கள். விபத்துப் பதிவேட்டில் அப்படியே ஏறிவிடும். ஆறு மாதம் கழித்துப் பாதுகாப்பு கேட்டுப் போகும்போது அந்த ஒரு வரியே எதிராக நிற்கும்.

அடுத்தது டிஸ்சார்ஜ். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். வீட்டுக்கு அனுப்பும் முன், வீட்டில் என்னென்ன பராமரிப்பு தேவை என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதித் தரும்படி மருத்துவரைக் கேளுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், தண்ணீர்ப் படுக்கை தேவை, சிறுநீர்க் குழாயை இத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், உதவியின்றி எழுந்து நடக்க இயலாது, முழுநேரமும் ஆள் வேண்டும். மருத்துவர் கையெழுத்திட்ட இந்த வரிகள், பராமரிப்பு மனுவை விசாரிக்கும் தீர்ப்பாயமான கோட்டாட்சியர் முன்னால் நீங்கள் அழுது சொல்வதைவிட நூறு மடங்கு வலிமையானவை. பயிற்சி மருத்துவர்கள் பெரும்பாலும் மறுக்காமல் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். கேட்பதற்குத்தான் நமக்குத் தோன்றுவதில்லை.

தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தால், மருத்துவ ஆவணங்களைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதி. பில் பாக்கிக்காக நோயாளியையோ உடலையோ பிடித்துவைக்க அவர்களுக்கு உரிமை இல்லை.

படி 2: காகிதக் கட்டு

ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், வருமானச் சான்று, மருத்துவச் சீட்டுகள், வீட்டுப் பத்திரம் அல்லது அரசுக் குடியிருப்பு என்றால் வாரிய ஒதுக்கீட்டு ஆணை, பிள்ளைகளின் பெயர், முகவரி, வேலை. இவற்றை ஒரே பையில் போட்டுப் பெரியவர் நம்பும் ஒருவரிடம் வைத்திருங்கள். ஆதாரில் ஒரு வயது, ரேஷன் கார்டில் இன்னொரு வயது என்றிருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். எல்லாக் கதவும் அங்கேதான் மூடிக்கொள்கிறது.

ரேஷன் கார்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. மூத்த மகன் வீட்டிலிருந்து இளைய மகன் வீட்டுக்கு அம்மா வரும்போது பழைய கார்டில் பெயர் நீக்கப்பட்டுவிடும், புதிய கார்டில் சேர்க்கப்பட்டிருக்காது. அப்போது மருத்துவக் காப்பீடும் போய்விடும். அறுவைச் சிகிச்சைக்கு முன்தினம்தான் இது தெரியவரும்.

எந்த அலுவலகத்தில் எதைக் கொடுத்தாலும் ஒப்புகை வாங்குங்கள். தர மறுத்தால் அதே மனுவை விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதை ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழியாக மறுத்தால், மறுத்தவரின் பதவியையும் தேதியையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: அரசிடம் வரவேண்டியதை முதலில் வாங்குங்கள்

பிள்ளைகள் மீது மனுப் போடுவதற்கு முன்பே இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காசிமேட்டில் வலை இழுக்கிறவரிடமும் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவரிடமும் இல்லாத பணத்தை எந்தத் தீர்ப்பாயமும் உண்டாக்கித் தர முடியாது. கொடுக்க முடியாத பிள்ளையைக் கொடுக்க மனமில்லாத பிள்ளையைப் போல நடத்துவது அநியாயம். அரசின் கடமையைக் குடும்பத்தின் தலையில் தள்ளிவிட்டு ஒதுங்கிக்கொள்ள அரசுக்கும் வழிவிடக் கூடாது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அட்டைக்கான மையம் ராஜாஜி சாலையில், கடற்கரை ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள கலெக்டர் அலுவலகமான சிங்காரவேலர் மாளிகையில் இருக்கிறது. 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமான வரம்பில்லாத காப்பீட்டை மத்திய அரசு 2024 அக்டோபரில் அறிமுகப்படுத்தியது. அதையும் அங்கேயே விசாரியுங்கள். திட்டத்தில் அனுமதிக்கப்பட்ட சிகிச்சைக்கு மேலே பணம் கட்டச் சொன்னால் 1800 425 3993 என்ற எண்ணில் புகார் செய்துவிட்டு, கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குறைதீர்ப்புக் குழுவுக்கும் எழுதுங்கள். ஒன்றை மட்டும் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும்: இந்தக் காப்பீடு மருத்துவமனைச் சிகிச்சைக்கானது. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் செலவு எதையும் அது தராது.

அந்தக் குறையைக் கொஞ்சம் நிரப்புவது 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள், இயன்முறைச் சிகிச்சை, வலி தணிப்புப் பராமரிப்பு, வயிற்று வழி டயாலிசிஸுக்கான பைகள் ஆகியவை வீட்டுக்கே வரும். உங்கள் பகுதியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெரியவரின் பெயரைப் பதியுங்கள். மாத்திரைக்குப் பதிந்துவிட்டு அதோடு விட்டுவிடுகிறார்கள். படுக்கையில் இருப்பவருக்கு வலி தணிப்புச் செவிலியரும் இயன்முறை சிகிச்சையாளரும் வேண்டும் என்று தனியாகச் சொல்லிப் பதிய வேண்டும்.

வடசென்னைக்கே உரியதும் அதிகம் கைவிடப்படுவதுமான உரிமை ஒன்று உண்டு. எண்ணூர், மணலி, திருவொற்றியூர்த் தொழிற்சாலைகளில், தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ. பிடித்தத்தோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் நம் தெருக்களில் ஏராளம். குறைந்தது 5 ஆண்டு காப்பீட்டில் இருந்து ஓய்வு வயதில் வெளியே வந்தவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டி, தனக்கும் தன் துணைவருக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவ வசதியைத் தொடரலாம். அயனாவரம் மருத்துவமனை நமக்கு அருகிலேயே இருக்கிறது. பழைய காப்பீட்டு எண்ணைத் தேடி எடுங்கள்.

முதியோர் உதவித்தொகை 2023-இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போகும். "மகன் இருக்கிறானே" என்று வாயால் சொல்லித் திருப்பி அனுப்பினால் நம்பி வந்துவிடாதீர்கள்; நிராகரிப்பை எழுத்தில் கேளுங்கள். நலவாரிய அட்டை வைத்திருக்கும் கட்டட, அமைப்புசாராத் தொழிலாளர்கள் வாரிய ஓய்வூதியத்துக்கே போகலாம்.

பக்கவாதத்தால் கைகால் விழுந்தவரும் பார்க்கின்சன் நோயாளியும் 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாற்றுத்திறனாளிகள் ஆவர். வயதானால் வருவதுதானே என்று இருந்துவிடுகிறோம். சான்று வாங்கினால் பாதிப்பின் அளவைப் பொறுத்து மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு வழி பிறக்கும். முதியோர் தொகையையும் இதையும் சேர்த்து வாங்க முடியாது. எது கூடுதலோ அதை எடுங்கள்.

மனு எங்கே தேங்கி நிற்கிறது என்று தெரியவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், பதில் 30 நாளில். உயிர் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரத்தில் தர வேண்டும். டயாலிசிஸ் அனுமதி போன்றவற்றில் இந்த 48 மணி நேரத்தைக் குறிப்பிட்டே எழுதுங்கள்.

படி 4: பராமரிப்புக் கணக்கு

விசாரணை அறையில் அடிக்கடி நடப்பது இது. அதிகாரி பரிவோடுதான் கேட்பார்: "மாதம் எவ்வளவு வேண்டும்மா?" மாத்திரை அட்டையை முந்தானையில் முடிந்து வைத்திருக்கும் அந்த அம்மா, எதிரே நிற்கும் மகனை ஒரு தடவை பார்ப்பார். "இரண்டாயிரம் கொடுத்தால் போதும் ஐயா. அவனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்களே." உத்தரவு இரண்டாயிரத்துக்கு வரும். டயபருக்கே அது பற்றாது.

ஆகவே விசாரணைக்குப் போகும் முன் ஒரு மாதம் கணக்கு எழுதுங்கள். நாற்பது பக்க நோட்டு போதும். மருந்துக்கடை பில்களை அதிலேயே ஒட்டுங்கள். படுக்கையிலிருக்கும் ஓர் அம்மாவுக்கு அந்தக் கணக்கு எப்படி வரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு:

டயபர், நாளுக்கு 3, ஒன்று 35 ரூபாய் வீதம்: 3,150
புண்ணுக்கு மருந்து, துணி, கையுறை: 1,200
அரை நாள் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு, நாளுக்கு 250 வீதம் 26 நாள்: 6,500
மருத்துவமனைக்கு மாதம் இருமுறை ஆட்டோ: 800
உணவு, பால், முட்டை: 2,500
மொத்தம்: 14,150

விலைகளை உங்கள் பில்லின்படி மாற்றிக்கொள்ளுங்கள். மூன்று பிள்ளைகள் என்றால் ஆளுக்கு ஐயாயிரத்துக்கும் குறைவு. இப்படிக் கணக்காகப் பார்க்கும்போது பிள்ளைகளே அடங்கிப் பேசுவதைப் பார்த்திருக்கிறேன், "அம்மாவுக்கு அப்படி என்ன செலவு?" என்ற கேள்வி அதோடு நின்றுவிடும்.

இன்னொன்றையும் அந்த நோட்டில் எழுதுங்கள். கொருக்குப்பேட்டையிலிருந்து தினமும் வந்து அம்மாவைக் குளிப்பாட்டி, துணி துவைத்துவிட்டுப் போகும் மகளின் மணிநேரங்கள். சட்டத்தின் முன் மகனும் மகளும் ஒன்றே, பொறுப்பு இருவருக்கும் உண்டு. அப்படியானால் அவள் தன் பங்கை உழைப்பாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள் என்பது பதிவாக வேண்டும். இல்லாவிட்டால் உழைக்கிற மகளுக்கும் எட்டிப் பார்க்காத மகனுக்கும் சம பங்கு விழும்.

படி 5: எந்தக் கதவைத் தட்டுவது

இரண்டு வழிகள் உள்ளன, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம்.

முதல் வழி, 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் தீர்ப்பாயம். நமக்கு வருவாய்க் கோட்டாட்சியர். நீதிமன்றக் கட்டணம் இல்லை. நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும். தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் ஒருமுறை 30 நாள் நீட்டிக்கலாம். வழக்கு நடக்கும்போதே இடைக்காலத் தொகை கேட்கலாம். ஆனால் மாதத்துக்கு 10,000 ரூபாய்தான் உச்சவரம்பு. அந்த வரம்பை நீக்க 2019-இல் நாடாளுமன்றத்தில் மசோதா வந்து நிறைவேறாமலேயே போனது. 2007-இல் போட்ட தொகையை வைத்து இன்றைக்கு ஒரு படுக்கை நோயாளியைப் பராமரிக்கச் சொல்வது கொடுமை. இதை மாற்றச் சொல்லி முதியோர் அமைப்புகள் தொடர்ந்து குரல் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது வழி, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-தான் 2024 ஜூலை 1 முதல் இப்படி ஆனது. இங்கே உச்சவரம்பு இல்லை. பெற்றோர் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பது புதிய சட்டத்தில் சேர்ந்த நல்ல மாற்றம். வழக்கறிஞர் வைக்கலாம். ஆனால் இழுத்தடிப்பு அதிகம்.

என் கருத்து இது: பிள்ளைகளின் வருமானம் சாதாரணம் என்றால் தீர்ப்பாயமே போதும். நிரந்தரச் சம்பளமுள்ள பிள்ளை இருந்து, செலவும் பத்தாயிரத்தைத் தாண்டினால் இரண்டாவது வழியை யோசியுங்கள்.

இலவச வழக்கறிஞருக்கு உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு கிடையாது. அதாவது நம் பாட்டிமார் அனைவருக்கும் இது உண்டு. வீட்டில் அடி, மிரட்டல் இருந்தால் அம்மாவோ பாட்டியோ 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்திலும் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். அது தனி வழி, மேற்கண்ட இரண்டுக்கும் இடைஞ்சல் இல்லை.

படி 6: மனு எழுதுதல்

தீர்ப்பாய மனுவில் யார் மீது கேட்கலாம்? மகன், மகள், வயதுவந்த பேரன், பேத்தி. பிள்ளையில்லாத பெரியவர் என்றால், அவருடைய சொத்தை அனுபவிக்கும் அல்லது அடையப்போகும் வாரிசு. மருமகளும் மருமகனும் இந்தப் பட்டியலில் இல்லை. கோபத்தில் அவர்கள் பெயரை எழுதி மனுவைப் பலவீனப்படுத்தாதீர்கள். ஒரு பிள்ளை மீது போட்டால் அவர் மற்ற பிள்ளைகளையும் சேர்க்கச் சொல்லலாம் என்பதால் எல்லாரையும் நீங்களே சேர்த்துவிடுவது நல்லது.

பெரியவரால் வர முடியாவிட்டால் அவர் அதிகாரம் அளித்த ஒருவரோ அமைப்போ மனு கொடுக்கலாம். ஒரு வெள்ளைத் தாளில் "என் சார்பில் மனுக் கொடுக்கவும் விசாரணையில் கலந்துகொள்ளவும் இவருக்கு அதிகாரம் அளிக்கிறேன்" என்று எழுதி, பெருவிரல் ரேகையோ கையெழுத்தோ வைத்து, இரண்டு சாட்சிகளிடம் வாங்குங்கள். தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் வாதாடுவதை இச்சட்டத்தின் 17-ஆவது பிரிவு தடுக்கிறது. அதற்குப் பதிலாக, பெரியவர் விரும்பினால் பராமரிப்பு அலுவலரான மாவட்டச் சமூகநல அலுவலர் அவர் சார்பில் நிற்கலாம். இதைக் கேட்டுப் பெறுங்கள்.

கோரிக்கைப் பத்தி இப்படி இருக்கலாம்:

"எனக்கு வயது 74. இடுப்பெலும்பு முறிவுக்குப் பின் படுக்கையில் இருக்கிறேன். முழுநேர உதவி தேவை என்று மருத்துவமனைச் சீட்டில் குறிப்பிடப்பட்டுள்ளது (இணைப்பு 1). என் மாதப் பராமரிப்புச் செலவு ரூ. 14,150 (இணைப்பு 2, பில்களுடன்). முதியோர் உதவித்தொகையாக ரூ. 1,200 பெறுகிறேன். எனவே எதிர்மனுதாரர்கள் சேர்ந்து சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவான ரூ. 10,000-ஐ என் வங்கிக் கணக்கில் ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் செலுத்தவும், இறுதி உத்தரவு வரும்வரை இடைக்காலத் தொகை வழங்கவும், நான் இப்போது வசிக்கும் வீட்டிலிருந்து என்னை வெளியேற்றாதிருக்கவும் உத்தரவிடக் கோருகிறேன்."

கைக்கு வேண்டாம், வங்கிக் கணக்கில் வேண்டும். கையில் கொடுத்தேன் என்று பொய் சொல்ல இடம் வைக்கக் கூடாது.

படி 7: சமரசமும் விசாரணையும்

மனுவைச் சமரச அலுவலரிடம் அனுப்பினால் அவர் ஒரு மாதத்தில் அறிக்கை தர வேண்டும். சமரசம் நல்லதே. அந்தப் பெரியவர் அதே வீட்டில்தான் நாளைக்கும் படுத்திருக்கப் போகிறார். ஆனால் "இனிமேல் நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன்" என்ற வாக்குறுதிக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். யார் எந்த நாளில் இருப்பது, டயபர் யார் வாங்குவது, ஆள் கூலி யார் கொடுப்பது, மருத்துவமனைக்கு யார் அழைத்துப் போவது என்று பெயரோடு எழுதி, அதை உத்தரவாக்கச் சொல்லுங்கள். பணமில்லாத பிள்ளை இரவுகளில் வந்து படுத்துக்கொள்ளலாம். அதுவும் பராமரிப்புதான்.

படுக்கையில் இருப்பவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. மருத்துவச் சீட்டை இணைத்து, வீட்டுக்கு வந்து வாக்குமூலம் பதியும்படி எழுதிக் கேளுங்கள்.

படி 8: வீடு எழுதிக் கொடுத்துவிட்டால்

ராயபுரத்துச் சந்துகளில் முந்நூறு சதுர அடி ஓட்டு வீடுதான் சொத்து. அதையும் தான செட்டில்மென்ட்டாக மகனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத் திண்ணைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். இச்சட்டத்தின் 23-ஆவது பிரிவு, பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் செல்லாததாக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் தருகிறது. சட்டம் அமலுக்கு வந்த பிறகு எழுதிய பத்திரங்களுக்கே இது பொருந்தும்.

நிபந்தனை பத்திரத்தில் இருந்தே ஆக வேண்டுமா என்பதில் நீதிமன்றங்கள் முன்னும் பின்னும் போயிருக்கின்றன. 2022-இல் உச்ச நீதிமன்றம் நிபந்தனை நிரூபிக்கப்பட வேண்டும் என்றது. 2025 ஜனவரி 2 அன்று ஊர்மிளா தீட்சித் வழக்கில் முதியவருக்குச் சாதகமாகவே சட்டத்தை வாசிக்க வேண்டும் என்றும், சொத்தைத் திரும்ப ஒப்படைக்கத் தீர்ப்பாயம் உத்தரவிடலாம் என்றும் சொன்னது. அதே ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம், அன்பினால் எழுதிக் கொடுப்பதிலேயே அந்த நிபந்தனை உள்ளடங்கியிருக்கிறது என்ற நிலைப்பாட்டை எடுத்தது. ஆகவே பழைய பத்திரத்தில் நிபந்தனை இல்லையே என்று கைவிட்டுவிடாதீர்கள்.

இனிமேல் எழுதுகிறவர்கள் அதை வாதத்துக்கு விட வேண்டாம். பத்திர எழுத்தரிடம் இந்த வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்: "என் ஆயுள்வரை உணவு, உறைவிடம், மருத்துவச் சிகிச்சை, படுக்கையில் விழுந்தால் பராமரிப்பு ஆகியவற்றை எனக்குத் தர வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் இதை எழுதிக் கொடுக்கிறேன், தவறினால் ரத்து செய்ய எனக்கு உரிமை உண்டு." அதைவிட நல்லது, உயிரோடு இருக்கும்வரை எழுதிக் கொடுக்காமலிருப்பது. உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

படி 9: நினைவு தவறும்போது

மறதி நோய் தொடங்கிவிட்டது என்று தெரிந்த அன்றே, பெரியவருக்குத் தெளிவு இருக்கும்போதே, 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி ஒரு நியமனப் பிரதிநிதியை வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு நியமிக்கச் சொல்லுங்கள். சிகிச்சை முடிவுகளில் உடன் நிற்க அவருக்கு அதிகாரம் உண்டு. சொத்து விற்க அது உதவாது. அதற்கு நீதிமன்றம் போக வேண்டும்.

வங்கியில் கையெழுத்து மாறிவிட்டது என்று உதவித்தொகையை நிறுத்தினால், ரிசர்வ் வங்கி விதிப்படி பெருவிரல் ரேகை வைக்கலாம். அதுவும் முடியாதவர் கால் பெருவிரல் ரேகை வைக்கலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும், அவர்களில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருக்க வேண்டும். 70 வயதைக் கடந்தவர்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை தரச் சொல்லி 2017-லேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தல் இருக்கிறது.

படி 10: வீடே இல்லாதவருக்கு

14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழையுங்கள். தெருவில் கிடப்பவர் என்றால் காவல் துறையின் 'காவல் கரங்கள்' குழுவும் மாநகராட்சியின் வீடற்றோர் காப்பகங்களும் உள்ளன. முதியோர் இல்லத்தில் சேர்ப்பதற்கு முன் சமூகநலத் துறைப் பதிவைப் பாருங்கள், இரவில் செவிலியர் இருக்கிறாரா என்று இரவிலேயே போய்ப் பாருங்கள். பெரியவரைக் கொண்டுபோய் எங்காவது விட்டுவிட்டு வருவது 24-ஆவது பிரிவின்படி குற்றம்: 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

படி 11: உத்தரவுக்குப் பிறகு

உத்தரவின் நகல் இலவசம். தொகை போதவில்லை என்றால் 60 நாளுக்குள் கலெக்டர் தலைமையிலான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நோய் முற்றிச் செலவு கூடினால் தொகையை மாற்றக் கேட்டுப் புதிய மனுவும் கொடுக்கலாம். அதற்கும் கணக்கு நோட்டு வேண்டும், எனவே எழுதுவதை நிறுத்தாதீர்கள்.

பணம் வராத முதல் மாதமே செயல்படுங்கள். வங்கிப் புத்தகத்தில் பதிவு போட்டு அந்தப் பக்கத்தை நகலெடுத்து, நிறைவேற்றக் கோரும் மனுவாகத் தீர்ப்பாயத்தில் கொடுத்தால் பிடியாணை பிறப்பித்து வசூலிக்கலாம். அப்போதும் கட்டாதவருக்கு ஒரு மாதம் வரை சிறை உண்டு. பணம் கொடுக்க வேண்டிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் இந்த மனுவைக் கொடுக்காவிட்டால் அந்த மாதத்துத் தொகைக்குப் பிடியாணை கேட்கும் வழி அடைபட்டுவிடும். "அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன்" என்று பிள்ளைகள் சொல்வது பெரும்பாலும் இந்த மூன்று மாதத்தைக் கடத்தத்தான் போய் முடிகிறது. உத்தரவு கைக்கு வந்த அன்றே, ஒவ்வொரு மாதமும் 6-ஆம் தேதி வங்கிப் புத்தகத்தைப் பார்க்கும் பொறுப்பை, பெரியவருக்கு மிக அருகில் இருக்கும் ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படையுங்கள்.